நட்டம் யாருடைய சிலுவை?



தொழிலில் இழப்பைச் சந்தித்த நம் மக்களின் வாயில் அண்மைக்காலமாக ஒரு சொற்றொடர் மிக எளிதாக வந்துவிடுகிறது: “இது ஆண்டவர் எனக்குத் தந்த சிலுவை, பாதர்.” பங்கு அலுவலகத்தில் கேட்கிறேன், அன்பியக் கூட்டங்களில் கேட்கிறேன், செபக்கூட்டச் சாட்சியங்களில் ஒலிபெருக்கி வழியாகவே கேட்கிறேன். சொல்பவர்கள் பொய்யர்கள் அல்லர். பலர் இரவில் உறக்கமின்றித் தவிப்பவர்கள். ஆயினும் அச்சொற்றொடரை எதிர்த்தே இவ்வாரம் எழுதுகிறேன். ஒரு நட்டத்தைச் சிலுவை என்று அழைப்பதற்கு முன், அதன் பாரம் இப்போது யார் தோளில் இருக்கிறது என்று கேட்டாக வேண்டும். அக்கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டுப் பேசப்படும் ஆன்மிகம் எனக்கு அச்சமூட்டுகிறது.

துன்பம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. திருப்பூரில் மேய்ப்புப்பணி செய்பவருக்கு அதனைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டபோது, வாரக் கூலியைக் கையில் எண்ணிக் கொடுத்துப் பழகிய சிறு நிறுவனத்தார் சனிக்கிழமை மாலைகளில் திகைத்து நின்றனர். 2025 ஆகஸ்டு 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காட்டை எட்டியபோது, தைத்துப் பெட்டியில் அடுக்கி முடித்த ஆடைகளுக்குக்கூட விலையைக் குறைக்கச் சொன்னார்கள். வாஷிங்டனில் இடப்படும் ஒரு கையெழுத்து, பத்துத் தையல் எந்திரங்களை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் ஒருவருடைய மனைவியின் நகையை அடகுக் கடைக்கு அனுப்புகிறது. இதில் அவர் செய்த பாவம் என்ன? “ஏதாவது செய்திருப்பார், அதனால்தான் தண்டனை” என்று கோவில் வாசலில் கிசுகிசுப்போர் லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்ற எருசலேம் வாசிகளைவிடக் குற்றவாளிகளா என்று ஆண்டவரே கேட்டு, இல்லை என்று அவரே விடையும் கூறினார். அதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

சாவிக்கொத்துக்கும் கல்லாப்பெட்டிக்கும் எண்ணெய் பூசி இருமடங்கு ஆசீர் வாக்களிக்கும் கூட்டங்களைப் பற்றியும் நீளமாக எழுதப்போவதில்லை. (நம்மவர்களுள் சிலர் காலையில் திருப்பலிக்கும் மாலையில் அங்கும் செல்வதை அறிவேன்.) அவர்கள் சுட்டுவது யோபு நூலின் இறுதி அதிகாரத்தை: 7,000 ஆடுகள் 14,000 ஆயின, 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. நம்மவர்களுள் ஆழ்ந்து சிந்திப்போர் சுட்டுவது முதல் அதிகாரத்தை: அனைத்தும் இழந்தும் ஆண்டவரைப் போற்றினார் யோபு. இரு சாராரும் இடையிலுள்ள 40 அதிகாரங்களைப் புரட்டுவதாகத் தெரியவில்லை.

அவற்றுள் 31ஆம் அதிகாரம் ஒவ்வொரு தொழில் முனைவோரும் தம் மேசைமேல் விரித்து வைக்கத்தக்கது. கடவுளையே வழக்குக்கு அழைக்கும் யோபு, அதற்கு முன் தம் கணக்கேட்டைத் திறந்து காட்டுகிறார். தம் பணியாளனோ பணிப்பெண்ணோ தமக்கு எதிராக முறையிட்டபோது அந்த நியாயத்தைத் தாம் தள்ளிவிட்டதுண்டா என்று தம்மையே கேட்கிறார். தம்மைக் கருவில் உருவாக்கியவரே அவர்களையும் உருவாக்கினார் என்கிறார். விலை கொடுக்காமல் நிலத்தின் விளைச்சலை உண்டிருந்தால் கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்று ஆணையிட்டே தம் வாதத்தை முடிக்கிறார். “ஏன் எனக்கு இப்படி?” என்று விண்ணை நோக்கிக் கேட்ட மனிதர், கூலிக் கணக்கைக் காட்டிவிட்டுத்தான் கடவுளின் மறுமொழிக்குக் காத்திருந்தார். நாமோ கேள்வியை மட்டும் அவரிடமிருந்து கடன் வாங்குகிறோம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் அதிகாரத்தில் யோபுவின் மாடுகளும் ஒட்டகங்களும் கொள்ளை போனபோது, அவற்றை மேய்த்துக்கொண்டிருந்த வேலையாள்கள் வாளுக்கு இரையாயினர். மறையுரைகளில் யோபுவின் இழப்பைப் பட்டியலிடும் நாம் அவர்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. முதலாளியின் துயரம் கதையாகிறது. வேலையாளின் சாவு அக்கதையில் ஒரு வரியாக நின்றுவிடுகிறது.

சில மாதங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு பெண்மணி எனக்காகக் காத்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். ஏழு வாரக் கூலி நிலுவையில் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “சாமி, எங்க ஓனரு போன வாரம் செபக்கூட்டத்துல சாட்சி சொன்னாருங்க. இந்தக் கஷ்டத்துலயும் ஆண்டவர் தாங்குறாருன்னு அழுதாருங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. எங்கள யாரு தாங்குறதுன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லோணும்.” சினம் இல்லாமல்தான் கேட்டார். திருப்பாடுகளின் வரலாற்றில் சீரேன் ஊரைச் சேர்ந்த சீமோன் நினைவுக்கு வந்தார். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அவரைப் பிடித்து, அவருடைய விருப்பத்தைக் கேளாமலேயே சிலுவையை ஏற்றினார்கள். ஏற்றியவர்கள் படைவீரர்கள். தம் இழப்பைக் கூலிக்காரர் தோளில் ஏற்றிவிட்டு நடப்பவர், அந்த ஊர்வலத்தில் தாம் நிற்கும் இடம் எதுவென்று ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

நிலுவைக் கூலியாவது கண்ணுக்குத் தெரியும். வருங்கால வைப்பு நிதியைப் பாருங்கள். தொழிலாளியின் ஊதியத்தில் 12 விழுக்காடு பிடித்தம் செய்யப்படுகிறது. அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் அது அவருடைய கணக்கில் சேர வேண்டும். நெருக்கடி வந்தவுடன் நூல்கடைக்காரருக்கும் மின்வாரியத்துக்கும் முதலில் கொடுத்துவிட்டு, இந்தப் பிடித்தத்தை ‘அப்புறம் கட்டிக்கொள்ளலாம்’ என்று தம் தொழிலில் சுழற்றுவோர் உண்டு. நூல் நிறுத்தப்படும், மின்சாரம் துண்டிக்கப்படும். தொழிலாளி மட்டும் பொறுத்துக்கொள்வார் என்ற துணிவு இது. அது முதலாளியின் பணமே அல்ல. பிடித்தம் செய்து கட்டாமல் விடுவதைச் சட்டம் நம்பிக்கை மோசடி என்கிறது. திருச்சபையின் மொழி இன்னும் கடுமையானது: கூலியை மறுப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1867ஆம் எண்ணில் கற்பிக்கிறது. அதே எண்ணில் காயீன் சிந்திய ஆபேலின் இரத்தமும் இடம்பெறுகிறது. தோபித்து தம் மகனுக்குச் சொன்ன அறிவுரைகளில், வேலை செய்தவரின் கூலியை மறுநாள்வரைகூட வைத்திருக்காதே என்பதும் ஒன்று. சொன்னபோது அவர் பார்வையையும் செல்வத்தையும் இழந்து, மனைவியின் உழைப்பில் உண்டு வந்தவர். வசதியில் இருந்துகொண்டு சொன்ன அறிவுரை அன்று அது.

சில இழப்புகளை ‘சோதனை’ என்று அழைப்பதும் பொருந்தாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, ஊரே செபித்தது. வேலையிழந்தோருக்காகச் செபித்தது நியாயம். ஆனால் நொய்யலில் இறங்கிய சாயநீரும் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பாழான வயல்களும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இருந்தன. தண்டனையின் நாளில் மட்டும் கடவுளை நினைத்தவர்கள், அந்த உழவர்களின் சோதனை தம் பட்டறையின் குழாயிலிருந்து புறப்பட்டது என்பதை நினைக்கவில்லை. தன் செயலின் விளைவு தன்னிடம் திரும்பி வரும்போது அதற்குப் பெயர் சிலுவை ஆகாது. அங்கே தேவைப்படுவது ஒப்புரவு அருளடையாளமும் ஈடுசெய்தலும்.

“சம்பளத்தை மாதம் முடிந்ததும் வாங்கும் சாமியாருக்கு வியாபாரத்தைப் பற்றி என்ன தெரியும்? பணம் வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை என்றால் நான் எங்கிருந்து கொடுப்பேன்?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பெரிய நிறுவனங்கள் அதனை எப்படி மதிக்கின்றன என்பதை உங்கள் முகங்களிலேயே படித்திருக்கிறேன். தாமதிக்கும் அந்தப் பெரியவர்களுள் நம் பீடத்தருகே முதல் வரிசையில் அமர்வோரும் இருக்கிறார்கள். இச்சிந்தனை அவர்களுக்கும் உரியது, அவர்களுக்கே கூடுதலாக உரியது. ஆனால் மேலிருந்து உமக்கு இழைக்கப்பட்ட அநீதி, அதனைக் கீழே இறக்கிவிடும் உரிமையை உமக்குத் தருவதில்லை.

இது நடவாத காரியம் என்போருக்கு ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். அர்ஜென்டினாவின் என்ரிக்கே ஷா, 1921இல் பிறந்தவர், ஒரு பெரும் கண்ணாடித் தொழிற்சாலையின் நிர்வாகி, ஒன்பது பிள்ளைகளின் தந்தை. 1961இல் நிறுவனத்தில் அதிகாரம் பெற்ற அமெரிக்கப் பங்குதாரர்கள் 1,200 தொழிலாளரை நீக்க விரும்பினர். புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த அவர் மறுத்து நின்று, மாற்றுத் திட்டம் வகுத்து, அவர்களின் வேலையைக் காத்தார். மறு ஆண்டு அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்கள் அத்தொழிலாளர்கள். 2021இல் திருச்சபை அவரை ‘வணக்கத்திற்குரியவர்’ என்று அறிவித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் ஜெனோவா நகர எஃகு ஆலையில் தொழிலாளரிடையே பேசும்போது, உண்மையான தொழில் முனைவோரையும் ஊக வணிகரையும் பிரித்துக் காட்டினார்: முன்னவர் ஒருவரை வேலையிலிருந்து அனுப்ப நேரும்போது தாமே வலியுறுகிறார், பின்னவருக்கு மனிதர்கள் வெறும் எண்கள். அந்த வலியைத்தான் நான் சிலுவை என்று ஏற்பேன்.

நம் ஊரிலும் கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஆர்டர்கள் நின்றபோது, ஒருவர் தம் 14 தொழிலாளரையும் அழைத்துக் கணக்கு நோட்டை அவர்கள் முன் வைத்தார். காரை விற்று நிலுவையைத் தீர்த்தார். எஞ்சிய வேலையைக் குறைந்த ஷிப்ட்டுகளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டனர். அதுவும் மூன்று மாதங்களில் நின்றுபோயிற்று. இன்று அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருடைய பழைய தொழிலாளர்கள் அவரைப் பெயர் சொல்லி அல்ல, ‘அண்ணா’ என்றே இன்றும் அழைக்கிறார்கள். என்னிடம் அவர் சிலுவையைப் பற்றிப் பேசியதே இல்லை. மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி ஒருமுறை பேசினார்.

திருவிழா நெருங்குகிறது. தேருக்கும் அசனத்துக்கும் உபயம் எழுதப் பலர் வருவீர்கள். ஏழைகளின் உடைமையிலிருந்து பலி செலுத்துவது, தந்தையின் கண்முன்னே மகனைக் கொல்வதற்கு நிகர் என்னும் பொருளில் சீராக்கின் ஞானம் 34ஆம் அதிகாரம் பேசுகிறது. ஆகவே பங்குப்பேரவையின் ஒப்புதலோடு, இவ்வாண்டு ஒவ்வோர் உபயதாரரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கப்படும்: கூலியோ வைப்பு நிதியோ நிலுவை உண்டா? உண்டென்றால் அத்தொகையை முதலில் அங்கே கொடுத்துவிட்டு வாருங்கள். தேர் சற்றுக் குறைந்த விளக்குகளோடு செல்லட்டும். எப்படித் தீர்ப்பது என்று வழி தெரியாதவர்கள் புதன்கிழமை மாலை 7 மணிக்குப் பங்கு அலுவலகத்துக்கு வரலாம். நம் பங்கைச் சேர்ந்த தணிக்கையாளர் ஒருவர் உடனிருப்பார். கணக்கு நோட்டை எடுத்து வாருங்கள்.