கொல்லையில் ஒரு குளம்

லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்கின்றன. “விட்டுச் செல்லப்போகும் வீட்டில் குழி வெட்டுவானேன்?” என்று பெரியவர்கள் கேட்பது இயல்பே. ஆயினும், பெற்றோரும் பிள்ளைகளும் கூடிக் கொல்லைப்புறத்தில் சிறு குளம் ஒன்றை அமைத்தல் வேண்டும். ஊர் மாறும் குடும்பத்திற்கே அது பெரிதும் பயன்படும் என்பது என் கருத்து.

குளம் என்றதும் அஞ்ச வேண்டா. இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், முழங்கால் அளவு ஆழம் போதும். இது ஏறத்தாழ 1200 லிட்டர் நீர் கொள்ளும். குழியில் தடித்த தார்ப்பாயை விரித்து, ஓரங்களில் கற்களை அடுக்கி, அடியில் மணல் பரப்பினால் குளம் உருவாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் சரிவாக இருத்தல் வேண்டும். தவளைக் குஞ்சுகள் அவ்வழியே கரையேறும். மண்ணைத் தோண்ட ஒப்புதல் கிடைக்காத இடத்தில் அகன்ற சிமெண்டுத் தொட்டியே குளமாகலாம்.

நீருக்கு எங்கே போவது? ஒரு சதுர மீட்டர்க் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். புணே நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பத்துச் சதுர மீட்டர்க் கூரையில் விழும் நீரே 7000 லிட்டர் ஆகும். நம் குளத்தைப் போல ஐந்து குளங்களை நிரப்ப அது போதும். குழாய்நீரை வீணாக்காமல், கூரைநீரைக் கொண்டே குளத்தை நிரப்பலாம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

ஜூன் மாதத்தில் மழை தொடங்கியதும் குளத்தருகே அமர்ந்து பாருங்கள். ஆண் பெருந்தவளை மழைக்காலத்தில் பொன்மஞ்சள் நிறம் கொள்ளும். நீரில் மிதக்கும் முட்டைகளிலிருந்து வாலுடன் தலைப்பிரட்டைகள் வெளிவரும். முதலில் பின்னங்கால்களும் பிறகு முன்னங்கால்களும் தோன்ற, வால் சுருங்கி மறையும். அல்லியின் இலை சுருண்ட வடிவில் எழுந்து நீர்ப்பரப்பில் விரியும். இவற்றைத் தந்தையோ தாயோ உடனிருந்து பிள்ளைகளோடு காணும் மாலைப்பொழுது, தொலைக்காட்சியின் முன் கழியும் பொழுதினும் இனிது.

குளம் மொழியையும் வளர்க்கும். நீர்நிலைகளுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! ஊரார் உண்ணும் நீரைத் தருவது ஊருணி; பாண்டிய நாட்டார் ஏரியைக் கண்மாய் என்பர்; இயற்கையாய் அமைந்தது பொய்கை; மலைப்பாறையில் ஊறுவது சுனை. பெரியகுளம், பொன்னேரி, திருவல்லிக்கேணி என ஊர்ப்பெயர்களிலும் நீரே நிறைந்துள்ளது. இச்சொற்களைப் புத்தகத்தில் மட்டும் படிக்கும் பிள்ளை தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். கரை, மடை, பாசி, தலைப்பிரட்டை ஆகியவற்றைக் கையால் தொட்டுக் கற்கும் பிள்ளை மறவாது. அருகில் நிற்கும் மராட்டியத் தோழனிடம் “இதை உங்கள் மொழியில் என்னவென்பீர்கள்?” என்று கேட்டால், “தளே” என்பான். புணேயில் சாரஸ்பாக் பூங்காவில் உள்ள பிள்ளையாரை மக்கள் “தள்யாத்லா கணபதி”, அதாவது குளத்துப் பிள்ளையார், என்றே அழைக்கின்றனர். இன்று பூங்காவாக உள்ள அவ்விடம் முன்பு ஏரியாக இருந்தது. ஏரி மறைந்த பின்னும் பெயர் மட்டும் அதனை நினைவூட்டுகிறது.

குளத்தை மறுப்போர் கூறும் காரணங்களும் எளியவை அல்ல. தேங்கிய நீரில் கொசு பெருகும் என்பது உண்மை. கொசுவின் முட்டை ஏழு முதல் பத்து நாள்களில் கொசுவாகிவிடும். ஆனால், மீனும் தும்பியும் வாழும் குளத்தைவிட, எவரும் பாராத பூந்தொட்டித் தட்டும் பழைய டயருமே டெங்குக் கொசுவுக்கு ஏற்ற இடங்கள். சிறுமீன்கள் கொசுப்புழுவை உண்ணும். தும்பியின் இளம் உயிரிகளும் உண்ணும். வெளிநாட்டிலிருந்து வந்த கம்பூசியா மீன் தவளை முட்டைகளையும் தின்றுவிடுவதால், உள்ளூர்ச் சிறுமீன்களையே விடுதல் நன்று. அவையும் தலைப்பிரட்டைகளை உண்ணக்கூடும் ஆதலின், ஒரு மூலையில் நீர்ச்செடிகளை அடர்த்தியாக வளர்த்தல் வேண்டும்.

அடுத்த அச்சம் இன்னும் பெரிது. தவழும் குழந்தைக்குச் சாண் ஆழ நீரும் ஆபத்தே. ஆகவே குளத்தின்மேல் உறுதியான கம்பிவலை வேண்டும். பெரியவர் துணையின்றிச் சிறுவர் அங்குச் செல்லலாகாது. இவ்விரண்டையும் செய்ய இயலாத வீட்டில் குளம் வேண்டா. மேலும், நாம் விமானங்கள் ஏறி இறங்கும் ஊரில் வாழ்கிறோம். உணவுக் கழிவுகளைத் தேடிப் பருந்துகள் வந்தால் விமானங்களுக்கு இடர் உண்டாகும். எனவே, குளத்தருகே மீன், இறைச்சிக் கழிவுகளைப் போடவே கூடாது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். விட்டுச் செல்லப்போகும் வீட்டில் குளம் எதற்கு?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவ்வூர் ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்னும் குழு இருந்தது. அதன் உறுப்பினர்கள் அறுவரும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களின் பொறுப்பு 360 நாள்களே. அதன் பின் வேறு அறுவர் வந்தனர். “நாம் இருக்கப்போவது ஓராண்டுதானே” என்று அவர்கள் ஏரியைக் கைவிட்டிருந்தால் அவ்வூர் வயல்கள் என்னாகியிருக்கும்? நம் பெற்றோர்க்கு ஒரு வீட்டில் கிடைப்பதோ அதைவிட நீண்ட காலம்!

மழைக்குப் பின் லோஹேகாவ் வெளிகளில் கூட்டமாய்ப் பறக்கும் மஞ்சள் தும்பியைப் பாருங்கள். அது மழைநீர்க் குட்டையில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். இத்தும்பிகள் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை கடல் கடக்கின்றன என்று, மாலத்தீவில் ஆய்வு செய்த சார்லஸ் ஆண்டர்சன் 2009ஆம் ஆண்டு எழுதினார். இவ்வளவு தொலைவு செல்லும் அதற்கும் வழியில் ஒரு குட்டை வேண்டும். அது பிறந்த குட்டையை அமைத்தவர் யாரோ!

எந்த ஊரும் தம்முடையதன்று என எண்ணி வளரும் பிள்ளை, எந்த ஊரையும் காக்கக் கல்லாது. சில ஆண்டுகளே தங்கினும், ஓர் இடத்திற்கு நன்மை செய்துவிட்டுச் செல்லலாம் என்பதைக் குளம் கற்பிக்கும். ஆகவே, குளத்துடன் ஒரு குறிப்பேட்டையும் வைத்திருங்கள். மீன்கள் எத்தனை, அல்லி பூத்த நாள் எது, வலையை எப்போது மாற்றினீர்கள் என எழுதுங்கள். மாற்றல் ஆணை வரும் நாளில், வீட்டுச் சாவியுடன் அக்குறிப்பேட்டையும் அடுத்து வரும் குடும்பத்தின் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் எம்மொழியினராயினும் தவளையின் குரல் அவர்களுக்கும் விளங்கும்.

சிந்தித்து எழுதுக

1. உங்கள் வீட்டுக் கூரையின் பரப்பை அளந்து, ஓராண்டில் எத்தனை லிட்டர் மழைநீர் கிடைக்கும் எனக் கணக்கிடுக.
2. குளத்தை மறுப்போர் கூறும் காரணங்களுள் வலியது எது? ஏன்?
3. ஊருணி, கண்மாய், பொய்கை, சுனை ஆகிய சொற்களைத் தனித்தனித் தொடர்களில் அமைத்து எழுதுக.
4. உங்களுக்குப் பின் உங்கள் வீட்டிற்கு வரும் பிள்ளைக்கு, நீங்கள் விட்டுச் செல்லும் ஒன்றைப் பற்றிக் கடிதம் எழுதுக.