வேன் டிரைவர் எப்போது தூங்குவார்?

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு மேல் ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு சுற்று வந்து பாருங்கள். தெருமுனையில் ஒரு டூரிஸ்ட் வேன் நிற்கும். கண்ணாடியில் மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பின்பக்கம் அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை ஏறும். 18 சீட் வேனில் 24 பேர்! மடியில் உட்காரும் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள்.

வேளாங்கண்ணி போகிற வேன் நாகூரையும் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். திருப்பதி போனால் வருகிற வழியில் இன்னும் நாலு கோயில். நம் ஏரியாவில் மதம் பார்த்து யாரும் வேனில் இடம் கேட்பதில்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி கிளம்பியதே நம்ம ராயபுரத்தில் இருந்துதான். வாலாஜா ரோடு வரை போனது. இருந்தாலும் பாட்டி முதல் பேரன் வரை அண்டா குண்டாவோடு கிளம்பும் குடும்பத்துக்கு ரயில் சரிப்படாது. வீட்டு வாசலில் ஏறி வீட்டு வாசலில் இறங்க வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டும். வேன்தான் வசதி. இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்த வண்டியை சொந்தமாக வாங்கி, ரிட்டயர் ஆன புருஷன் பெண்டாட்டி ஊர் ஊராகப் போகிறார்கள். பொழுது சாய்ந்தால் அதற்கென்று இருக்கும் மைதானத்தில் நிறுத்தி, கரண்ட், தண்ணீர் இணைப்பு வாங்கிக்கொண்டு படுத்து விடுவார்கள். கேரள அரசு கூட 2021-ல் அந்த மாதிரி வண்டிகளுக்குத் திட்டம் போட்டது. நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர் உட்காரும் வண்டி. அவ்வளவுதான்!

ராத்திரியில் ஏன்?

நம் வேன் பயணத்தில் படுக்கை கிடையாது. லாட்ஜ் செலவு மிச்சம் என்று ராத்திரியில் ஓட்டச் சொல்கிறோம். வாடகை நாள் கணக்கு. அதனால் இரண்டு நாளில் ஆறு ஊர் பார்த்துவிடத் துடிக்கிறோம். கடைச் சிப்பந்திக்கும் குமாஸ்தாவுக்கும் திங்கட்கிழமை வேலை இருக்கிறது. விசைப்படகுத் தொழிலாளிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் நேரம் உண்டு, கையில் காசு இருக்காது! ஆக, எல்லோருக்கும் அவசரம்.

பின்னால் 24 பேரும் தூங்குகிறார்கள். பகலில் கோயிலும் கடலும் பார்க்கிறார்கள். அப்போது டிரைவர் தூங்குவாரா? வெயிலில் காயும் வேனுக்குள், கதவைத் திறந்து வைத்து, பாத்திரங்களுக்குக் காவலாக ஒரு மணி நேரம் கண் அசருவார். அதற்குள் "அண்ணே, வண்டியை எடுங்க" என்று ஒருவர் தட்டுவார்.

1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும். வேன் வைத்திருக்கும் முதலாளிக்கு இது தெரியும். அட்வான்ஸ் கொடுக்கும் நாம்தான் கேட்பதே இல்லை. பேட்டா எவ்வளவு என்று மட்டும் பேரம் பேசுகிறோம்!

சிலிண்டர் வேண்டாம்

இன்னொன்று. சீட்டுக்கு அடியில் கேஸ் சிலிண்டரை உருட்டி விடுகிறார்கள். மதுரையில் 2023 ஆகஸ்டு 26-ந் தேதி நடந்தது ஞாபகம் இருக்கிறதா? வடநாட்டு யாத்ரீகர்கள் வந்த ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்து அடுப்பு பற்ற வைத்தார்கள். 9 பேர் உயிர் போயிற்று. வேனுக்கு இருப்பது ஒன்றோ இரண்டோ கதவு.

பெண்கள் பாடு தனிப்பாடு. திண்டிவனம் தாண்டும் வரை தண்ணீரே குடிக்காமல் வருகிற அக்காமார் எத்தனை பேர்! கழுவிய கக்கூஸ், தண்ணீர்க் குழாய், சமைக்க ஒரு கூரை, டிரைவர் படுக்க ஒரு கட்டில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேன் நிறுத்த இப்படி நாலு இடம் அரசு கட்டட்டும். ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கட்டும், கொடுப்போம்.

அதுவரை, அட்வான்ஸ் கொடுக்கும்போதே முதலாளியிடம் இரண்டாவது டிரைவர் கேளுங்கள். முடியாது என்றால் ராத்திரி 10 மணிக்குப் பதில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்புங்கள். போகிற ஊரில் டிரைவருக்கு ஒரு ரூம் போடுங்கள். 24 பேர் பங்கு போட்டால் தலைக்கு ஒரு டிபன் காசுதான் வரும்.