பஸ்ஸேறி ஊர் காண்டல்

நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தார் ஆண்டுதோறும் ஒருநாட் சுற்றுப்பயணம் செல்வது வழக்கம் என்பதை இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவரும் அறிவர். இவ்வாண்டு எவ்வூருக்குச் செல்வது என்பது பற்றிச் சங்கத்தில் வாதம் நிகழ்ந்துவருகின்றது. எவ்வூருக்கு என்பதினும் எவ்வாறு என்பதே முதற்கண் ஆராயத்தக்கது என்பது என் கருத்து. வாடகை வண்டியை விடுத்து, தோளில் ஒரு பையைத் தாங்கி, ஊர்ப் பஸ்களில் ஏறியும் இறங்கியும் சென்று, இரண்டு இரவேனும் ஓரூரில் தங்கி வருதல் வேண்டும் என்று யான் விண்ணப்பிக்கின்றேன். இக்கருத்து நூலிற் படித்ததன்று; என் பிழை ஒன்றால் யான் கற்றது.

சென்ற ஆண்டு யாங்கள் நாற்பதின்மர் வாடகை வண்டியில் தரங்கம்பாடி சென்றோம். விடியுமுன் புறப்பட்டு, பாட்டும் சிரிப்புமாக வழியைக் கழித்து, முற்பகல் பதினொரு மணிக்கு ஊர்வாயிலை அடைந்தோம். 1792ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற அவ்வாயிலினுட் புகுந்து, 1718இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தையும், அதனுள் அடக்கம் பெற்றிருக்கும் சீகன்பால்கு ஐயரின் கல்லறையையும் வணங்கினோம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் கட்டிய கோட்டையின்மேல் ஏறி நின்று படம் பிடித்துக்கொண்டோம். பகலுணவு முடித்து ஒன்றரை மணிக்குத் திரும்பினோம். இளநீர் விற்றவரிடம் விலை கேட்டதொழிய, அவ்வூரார் ஒருவரோடும் யாங்கள் பேசவில்லை. எனினும் அப்பயணத்தைப் பற்றி யான் எழுதிய கட்டுரைக்குச் சங்கத்தார் பரிசளித்தனர். “நெய்தல் நிலத்தைக் கண்ணாரக் கண்டேன்” என்று அதன்கண் எழுதியிருந்தேன். அது பொய்யென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சென்ற செப்டம்பர் மாத விடுமுறையில், என் வகுப்புத் தோழியின் பெரியம்மா பொறையாற்றில் இருப்பதால், அவளோடு மீண்டும் அவ்வூருக்குச் செல்ல நேர்ந்தது. மயிலாடுதுறையில் இரயிலை விட்டிறங்கிப் பஸ் ஏறினோம். 1926இல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குத் திறக்கப்பெற்ற இருப்புப்பாதை 1986இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே எளியோர்க்குப் பஸ்ஸே கதி. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று நின்று நின்று அது சென்றது. முதலில் எனக்குப் பொறுமையில்லை. பின்னரே, ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு பாடம் என்பதை உணரலானேன். திருக்கடையூரில் மணிவிழாக் கொண்டாடிய கிழவர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் கழுத்தில் மாலையோடும் பிள்ளைகளோடும் ஏறினர். அபிராமியம்மை சந்நிதியின் பிரசாதம் வண்டி முழுவதும் வழங்கப்பட்டது. தில்லையாடிக்கு வழி பிரியுமிடத்தில் ஒரு முதியவர், தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று 1914இல் 16 வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் வரலாற்றைக் கேளாமலே எங்களுக்குச் சொன்னார். சென்ற ஆண்டு இதே வழியாகச் சென்றும் இவற்றுள் ஒன்றையும் யான் அறிந்திலேன். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் இப்பகுதிக்கு அணித்தாகிய புகாரிலிருந்து நடந்தே சென்றமையாலன்றோ இளங்கோவடிகளுக்கு ஒரு நாடுகாண் காதை வாய்த்தது? அவர்கள் விரைதேரில் ஏறிச் சென்றிருப்பின் நமக்கு அக்காதை கிட்டியிராது.

தரங்கம்பாடியை ‘உறங்கும் ஊர்’ என்று என் பழைய கட்டுரையில் வருணித்திருந்தேன். 1845இல் டேனியர் அதனை ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றுச் சென்றபின், கப்பல் வாணிகம் பிற துறைகளை நாடிற்று என்பது உண்மையே. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. நண்பகலில் அதன் வீதிகளில் வெயிலையன்றி வேறொன்றையும் காணல் அரிது. ஆயினும் பதினொரு மணிக்கு வருவோர்க்கே அஃது உறங்கும் ஊர். விடியற்காலையில் யாங்கள் கரைக்குச் சென்றபோது படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. வலையிலிருந்து மீனைப் பிரிப்போரும், ஏலம் கூறுவோரும், ஐஸ் உடைப்போரும், கூடையோடு விலை பேசும் பெண்டிருமாய்க் கரை முழுதும் ஆரவாரமாயிருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் பல உயிர்களைக் கவர்ந்தது. அவ்வலை வந்த அதே கடலுக்கு அம்மக்கள் நாள்தோறும் சென்று மீள்கின்றனர். நம் வண்டி ஊர்வாயிலை அடையுமுன்பே அவ்வூர் தன் ஒருநாள் உழைப்பிற் பாதியை முடித்துவிடுகின்றது.

இனி என் பிழையைக் கூறுவேன். அன்று காலை திருக்கடையூர் செல்லும் நகரப் பஸ்ஸில் யானும் என் தோழியும் மூவர் அமரும் இருக்கையில் அமர்ந்திருந்தோம். மூன்றாம் இடத்தில் என் பை அமர்ந்திருந்தது. வண்டி நிறைந்துவிட்டது. அப்போது வயது அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் மீன் நிறைந்த அன்னக்கூடையோடு பின்வாயிலில் ஏறி, கூடையைக் காலருகே வைத்துக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். கூடையிலிருந்து நீர் கசிந்தது. யான் பையை எடுக்கவில்லை. சன்னல்வழியே வயலை நோக்குவாள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் தோழி, “உட்காருங்கள், அம்மா,” என்று கூறி என்னைப் பார்த்தாள். அம்மையார் என் முகத்தையும் பையையும் ஒருமுறை நோக்கிவிட்டு, “இருக்கட்டும், பாப்பா. பையிலே வாடை ஒட்டிக்கொள்ளும்,” என்றார். அச்சொல்லிற் சினமில்லை, என்மேல் இரக்கமே இருந்தது. யான் எழுதிய ‘நெய்தல் நிலத்தின் எழில்’ அப்போது என் நினைவுக்கு வந்தது.

தோழியே பையைத் தூக்கி என் மடியில் வைத்து, அவரைக் கைப்பற்றி இருத்தினாள். திருக்கடையூர் சேரும்வரை அவர் எங்களோடு உரையாடிவந்தார். கரையில் ஏலமெடுத்து, உள்ளூர்களிற் தெருத்தெருவாக விற்று, உச்சிப்பொழுதில் வீடு திரும்புவாராம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர்க்குக் கட்டணம் இல்லையென்று அரசினர் அறிவித்தபின், போக்குவரத்துச் செலவு மிஞ்சுவதாகவும், அப்பணம் பேத்தியின் படிப்புக்கு உதவுவதாகவும் கூறினார். “அவளும் உன்னைப்போலத்தான் பையை மாட்டிக்கொண்டு போவாள்,” என்றார். கூடையைக் கண்டால் நிற்காமற் செல்லும் வண்டிகளும் உண்டாம். சங்கரா இது, கிழங்கான் இது, நெத்திலி இது என்று அவர் காட்டக் காட்ட, யான் நாணினேன். சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துப் பரதவர் பாணர்க்குச் சுட்ட குழல்மீன் அளித்து விருந்தோம்பும் பகுதியை மனனம் செய்து மதிப்பெண் பெற்றவள் யான். என் காலடியிலிருந்த கூடையில் ஒரு மீனின் பெயரையும் அறிந்திலேன். அதனைச் சுமந்து வந்தவர்க்கு ஓரிடம் விடவும் அறிந்திலேன்.

இஃது எனக்கு மட்டும் நேர்ந்த பிழையன்று. 2021ஆம் ஆண்டு டிசம்பரில், குமரி மாவட்டத்துக் குளச்சலில், மீன் விற்று வீடு திரும்பிய மூதாட்டி ஒருவர் நாற்றத்தைக் காரணங்காட்டிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டார். நாடே அதனைக் கேட்டு வருந்திற்று. அப்போது யானும் கடிந்து பேசினேன். இறக்கிவிட்டவரைக் கடிதல் எளிது. ஏறியவர்க்கு இடம் தராது முகந்திருப்புதலும் அதே பிழையின் சிறுவடிவம் என்பதை, அதே இருக்கையில் அமர்ந்தாலன்றி உணர்தல் அரிது. சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழ் பயின்றார் என்பர். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றமைக்கு அம்மணலே தொடக்கம். கல்லறையை வணங்கும் நாம், அவர் அமர்ந்தவாறு பிறரோடு அமர்தலையும் கற்றுக்கொள்ளல் தகும்.

இதற்குச் சங்கத்தார் கூறும் தடைகள் மூன்று. முதலாவது, காலம் போதாது என்பது. ஒரே நாளில் நான்கு ஊர்களைப் பார்க்கக் கருதினால் போதாதுதான். ஓரூரைக் காண இரண்டு நாள் போதும். இரண்டாவது, பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பது. என் தந்தையாரும் இதனையே கூறினார். ஆனால் யாங்கள் ஏறிய ஒவ்வொரு பஸ்ஸிலும், எங்கே இறங்கவேண்டும், யார் வீட்டிற்குச் செல்கின்றீர்கள் என்று வினவாத பெண்டிர் இல்லை. தெரிந்த இல்லத்தில் தங்கி, இருட்டுமுன் திரும்பி, இருவர் மூவராகச் சென்றால் அஞ்சவேண்டுவதில்லை. மூன்றாவது தடையே வலியது: நாற்பதின்மர் ஒருங்கே ஏறினால், வேலைக்குச் செல்வோர்க்கு இடமின்றிப் போகும் என்பது. இதனை மறுக்க மாட்டேன். ஆதலின், எண்மர் எண்மராகப் பிரிந்து வெவ்வேறு பஸ்களிற் செல்க. காலையில் நெருக்கமான வேளையில் நடந்து செல்க. அமர்ந்திருப்பின் முதியோர்க்கு எழுந்து இடங்கொடுக்க. பிறர்க்கு இடையூறு செய்து கற்கும் கல்வி கல்வியன்று.

வாடகை வண்டியில் ஏறுவோர் நம்மவரோடு புறப்பட்டு நம்மவரோடு திரும்புகின்றனர். கோட்டையும் ஆலயமும் நாம் விரைந்து சென்றாலும் அங்கேயே நிற்கும். ஊரின் மாந்தரோ அவ்வாறு நமக்காக நிற்பாரல்லர். அவர்தம் காலைப்பொழுதில், அவர் ஏறும் வண்டியில், அவர் பக்கத்தில் அமர்ந்தாலன்றி அவரைக் காண்டல் இயலாது. குறிஞ்சி முதலிய ஐந்திணையும் நூலளவில் அறிந்த நமக்கு, அத்திணைகளில் இன்று வாழ்வாரை அறிதலும் கடமையன்றோ?

சங்கத்தார் இவ்வாண்டு எவ்வூரைத் தேர்ந்தாலும் எனக்கு உடன்பாடே. பரிசு பெற்ற என் பழைய கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டியிருத்தலின், எண்மர் கொண்ட ஒரு குழுவில் எனக்கும் ஓரிடம் தருமாறு வேண்டுகின்றேன். உடன் வருவோரிடம் யான் கேட்பது ஒன்றே: பஸ்ஸில் ஏறியவுடன், அவரவர் பையை அவரவர் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.