வலி 7 என்று எழுதிய பிறகு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், படுத்த படுக்கையான நோயாளிகளின் வீட்டுக்கே நோய் ஆதரவு சிகிச்சையைக் கொண்டுசெல்கிறது. பேருந்துக் கட்டணத்துக்கும் இழக்கும் கூலிக்கும் அஞ்சி மருத்துவமனையைத் தவிர்த்துவந்த சேரி மக்களுக்கு இது பெரும் ஆறுதல். ஆனால், வீடு தேடி வருபவர் எதையெல்லாம் நோயாளியின் தேவையாகக் கணக்கில் கொள்கிறார் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது.

உடல் வலியோடு மன, சமூக, ஆன்மிக வேதனைகளையும் சேர்த்து ‘முழுமையான வலி’ என்று 1960களிலேயே வரையறுத்தார் இங்கிலாந்து மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ். ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் உருவான மதிப்பீட்டுக் கருவி ஒன்று, நோயாளியிடமும் குடும்பத்திடமும் மட்டுமின்றி, மருத்துவ அமைப்பிடமும் சிக்கலின் காரணத்தைத் தேடுகிறது. நாம் கற்க வேண்டியது இதைத்தான்.

ஒரே புற்றுநோய், ஒரே கட்டம், பத்துக்கு 7 என்ற ஒரே வலி அளவு கொண்ட இரு பெண்களை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்குத் தனி அறையும் கழிப்பறையும் உண்டு. மற்றவர் இருப்பதோ ஓரறைத் தொகுப்பு வீடு, கழிப்பறை இல்லை, அவரைக் கவனிக்க மருமகள் கூலி வேலையை விட்டிருக்கிறார். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் மலமிளக்கியும் உடன் தரப்படும். ஒதுங்குவதற்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டிய பெண், அதை விழுங்கத் தயங்குவார். மலச்சிக்கல் முற்றினால் மார்ஃபினையும் நிறுத்திவிடுவார். ‘மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை’ என்று ஏட்டில் பதிவாகும். குறை வீட்டுமனை வழங்காத அரசுடையது, பழி நோயாளிக்கு.

சாவைப் பற்றிய அச்சமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுப் பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. அப்படியொரு ஊரில் மரணப் படுக்கையில் கிடப்பவர் “என்னை எந்த வழியாகத் தூக்கிப் போவீர்கள்?” என்று கேட்டால், அதை மனச்சோர்வு என்று குறித்துக்கொண்டு நகர முடியுமா? இடுகாட்டைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி தண்டனைக்குரிய குற்றம்.

ஆகவே, கழிப்பறை உண்டா, பராமரிப்பவர் இழக்கும் கூலி எவ்வளவு, இடுகாட்டுக்குத் தடையற்ற பாதை இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளும் வீட்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இடம்பெற வேண்டும். பதில்கள் மருத்துவ அலுவலரோடு நின்றுவிடாமல், நோயாளியின் ஒப்புதலோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் செல்ல வேண்டும். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி வழங்க, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு ஏற்கெனவே வகை செய்திருக்கிறது.