அடையாறுக்கு ஒரு வெயில், கல்மண்டபத்துக்கு ஒரு வெயிலா?

கல்மண்டபத்தில் காலை 10 மணி வெயில் என்ன நிறம்? வெள்ளை வெயில். கண் கூசும் வெயில். அடையாறிலும் அதே வெயில்தான். சூரியன் ஒன்றுதானே!

ஆனால் சினிமாவில் பாருங்கள். அடையாறு பளிச்சென்று இருக்கும். ராயபுரமோ காசிமேடோ வந்தால், பல படங்களில் திரை மங்கிவிடும். புகை படிந்த சுவர் போல எல்லாம் பழுப்பாகிவிடும். மீன் விற்கும் பெண்ணின் சிவப்புப் புடவைகூடச் செங்கல் நிறமாகிவிடும்.

இது கேமரா மட்டும் செய்யும் வேலை அல்ல. படம் பிடித்த பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருத்துகிறார்கள். திருத்துகிறவருக்குக் 'கலரிஸ்ட்' என்று பெயர்.

அவர் வேலை லேசானது அல்ல. இரண்டு பேர் பேசும் காட்சி படத்தில் 2 நிமிடம்தான் வரும். எடுக்க ஒரு பகல் ஆகும். கதாநாயகன் முகத்தைக் காலையில் எடுப்பார்கள். கதாநாயகி முகத்தை மாலையில் எடுப்பார்கள். நடுவில் மேகம் வரும். ஒட்டிப் பார்த்தால் ஒரு முகம் நீலம் பாய்ந்திருக்கும். மற்றது சிவந்திருக்கும்.

தனித்தனியாகப் பார்த்துத் திருத்தினால் என்ன? கண் ஏமாற்றிவிடும். எந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சிறிது நேரத்தில் கண் அதற்குப் பழகிவிடும். அதனால்தான் 'டாவின்சி ரிசால்வ்' போன்ற மென்பொருள்களில் பல காட்சிகளை ஒரே திரையில் கட்டம் கட்டமாக, பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள். எது கூட, எது குறைவு என்பது உடனே தெரிந்துவிடும்.

பெண்களுக்கு இது தெரிந்த வித்தைதான். எம்.சி. ரோட்டுக்கு ரவிக்கைத் துணி வாங்கப் போகிறவர்கள் புடவையையும் கையோடு கொண்டு போகிறார்கள். ஞாபகத்தை நம்புவது இல்லை. கெட்டிக்காரிகள் கடை விளக்கையும் நம்பமாட்டார்கள். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்ப்பார்கள்!

கலரிஸ்டும் டைரக்டரும் அதே போல ஒன்று செய்யட்டும். ஒரு கட்டத்தில் அடையாறு. அடுத்த கட்டத்தில் அதே நேரத்துக் கல்மண்டபம். மூன்றாவது கட்டத்தில், திருத்தாத கல்மண்டபம். மூன்றையும் பார்த்துவிட்டுப் பழுப்பு பூசட்டும்.

"கதைக்கு வேண்டும்" என்பார்கள். கொலை நடக்கும் இரவுக்கு இருட்டு வேண்டும். சரி. பள்ளிக்கூடம் போகும் குழந்தை மீது ஏன் இருட்டு?

இது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. 2000-ம் ஆண்டில் வெளிவந்த 'டிராபிக்' என்ற ஹாலிவுட் படத்தில் மெக்சிகோ முழுவதும் மஞ்சளாகவே இருக்கும். அதற்குப் பிறகும் பல படங்களில் ஏழை நாடு என்றால் மஞ்சள்தான்.

வடசென்னை வாலிபன் வேலை கேட்டுப் போகிறான். "எந்த ஏரியா?" என்கிறார் முதலாளி. "ராயபுரம்" என்கிறான். அவர் முகம் மாறுகிறது. அவர் ராயபுரத்தை நேரில் பார்த்தவர் அல்ல. திரையில் பார்த்தவர்.

காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாக நிற்கின்றன. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் அடித்திருக்கிறார்கள். படம் எடுப்பவர்கள் ஒரு தடவை பகலில் வந்து பார்க்கட்டும்.