இம்யூனோகுளோபுலின் மருந்து தடையின்றிக் கிடைக்க வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்: எதிர்ப்பான் குறைபாடுள்ள நோயாளிகள் மற்றும் பெற்றோர் நலச் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்: அரசுச் செயலாளர் அவர்கள், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்க்கும் எதிர்ப்பான் என்னும் புரதங்களை உடல் தேவையான அளவு உண்டாக்க இயலாத பிறவிக் குறைபாடுகளுள், பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும் அகாமாகுளோபுலினீமியா கடுமையானது. கருவிலிருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பான்கள் தீரும்வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை நலமாகத் தோன்றும் குழந்தை, அதன்பின் காதில் சீழ், நிமோனியா என்று அடுத்தடுத்து நோயுறுகிறது. சிகிச்சை தவறினால் மூச்சுக்குழாய்கள் விரிந்து நிரந்தரமாகச் சேதமடைகின்றன. 1952இல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுச் சிறுவனிடம் இக்குறைபாட்டைக் கண்டறிந்து, எதிர்ப்பான்கள் அடங்கிய இம்யூனோகுளோபுலினை ஊசிவழிச் செலுத்திப் பலன் கண்டார். இன்றும் அடிப்படைச் சிகிச்சை அதுவே.

ஆயிரக்கணக்கானோர் கொடையளிக்கும் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது இரத்த அணுக்கள் நீங்கிய நீர்மத்திலிருந்து, பிரித்தெடுக்கப்படும் இம்மருந்தில் பாதி ஏறத்தாழ 3 வாரங்களில் உடலில் சிதைந்துவிடுகிறது. ஆதலால் எடையில் கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வீதம், 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும் சிரை வழியே ஏற்றியாக வேண்டும். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருமுறைக்கு 8 முதல் 12 கிராம் போதும். அதே மருந்துதான் கைகால்களைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யும் கில்லன்-பாரே நோய்க்கும் தரப்படுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஐந்து நாட்களில் 120 கிராம் தேவைப்படும், அது அக்குழந்தைக்குக் குறைந்தது பத்துத் தவணைகளுக்கு ஈடான அளவு. அவசர நோயாளிக்கு மருந்து தருவதில் பிழையேதுமில்லை. இரு தேவைகளுக்கும் ஒரே இருப்பை நம்பியிருப்பதே பிழை. இருப்பு இல்லையென்ற பதிலுடன் தவணை நாளில் திரும்பும் குடும்பத்துக்கு, அடுத்த நிமோனியா எப்போது என்ற அச்சமே மிஞ்சுகிறது.

2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கை இச்சிகிச்சையை நீண்டகாலம் தேவைப்படும், பலன் உறுதிப்பட்ட சிகிச்சைகளின் பிரிவில் சேர்த்திருக்கிறது. எனினும் உச்சவரம்புக்கு உட்பட்ட ஒன்றிய அரசின் நிதியுதவி, வாழ்நாள் மருந்துக்குப் போதுமானதன்று. குழந்தை வளர வளர மருந்தின் அளவும் கூடும்.

ஆகவே, பதிவு செய்யப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் எடையையும் கணக்கிட்டு, அவசரத் தேவைக்கான இருப்புடன் கலவாத தனி ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியே கொள்முதல் செய்ய வேண்டுமென இச்சங்கம் கோருகிறது. கூலி வேலையை விட்டுச் சென்னைக்கு வரும் பெற்றோரின் அலைச்சல் தீர, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே மருந்தை ஏற்ற ஏற்பாடு வேண்டும். மீண்டும் மீண்டும் நிமோனியாவுக்கு ஆளாகும் குழந்தைகளுக்கு இம்யூனோகுளோபுலின் அளவைக் கணிக்கும் இரத்தப் பரிசோதனையும் அங்கே இலவசமாகக் கிடைக்க வேண்டும். மூத்த மகனுக்கு இக்குறைபாடு உறுதியான வீட்டில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு, பரிசோதனை முடிவு தெரியும்வரை உயிருள்ள வைரஸ் அடங்கிய போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்படாதிருக்கத் தடுப்பூசிப் பணியாளர்களுக்கு அறிவுறுத்தலும் அவசியம்.

இவற்றுள் தனி ஒதுக்கீட்டுக்கான ஆணையை மற்றவற்றுக்காகக் காத்திராமல் உடனடியாகப் பிறப்பிக்குமாறு இச்சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகள்