பழைய காரின் பாடபேதங்கள்

கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். மூன்று லட்ச ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார். மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரு பிள்ளைகள், முழங்கால் வலியோடு ஆட்டோவில் ஏறி இறங்கும் தாயார். ஒரு பழைய கார் வேண்டும். "எந்த மாடல் நல்லது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் சார், போதும்" என்றார்.

கேள்வியே பிழையானது என்பது என் கட்சி. நம்மிடையே பழைய கார் பற்றிய பேச்சு மாடல் பெயரில் தொடங்கி மைலேஜில் முடிந்துவிடுகிறது. "மாருதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்பார் ஒருவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில்தான் நின்றது. அந்த முப்பது ஆண்டுகளில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் எந்தச் சிற்றூரிலும் இல்லை என்றானது. உதிரிபாகம் மலிவாக எங்கும் கிடைப்பது குறைந்த பணக்காரனுக்குப் பெரிய வரம்தான். ஆனால் இதெல்லாம் லட்சக்கணக்கான கார்களைப் பற்றிய பொது உண்மை. நம் முன்னால் கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருக்கும் இந்த ஒரு காரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. புதிய கார் வாங்குகிறவன் காரை வாங்குகிறான். பழைய கார் வாங்குகிறவன் அதன் கடந்த காலத்தை வாங்குகிறான். அது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது.

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். கோளாறான காரை அமெரிக்கர்கள் 'எலுமிச்சை' என்பார்கள். நல்ல காரையும் எலுமிச்சையையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது இரண்டுக்கும் நடுவாந்தரமான ஒரு விலையைத்தான் அவர் தரத் துணிவார். அந்த விலைக்கு நல்ல காரைக் கொடுக்க மனமில்லாதவர்கள் சந்தையிலிருந்து விலகுவார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் எலுமிச்சைகளே. அக்கட்டுரையை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின என்பது சிற்றிதழ்களுக்குப் படைப்பு அனுப்பிக் காத்திருப்பவர்களுக்கு ஆறுதல் தரக்கூடிய செய்தி. 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நான் என் எலுமிச்சையை 2016-இல் வாங்கினேன். சென்னைப் புறநகரில் ஒரு விற்பனையாளரிடம், இரண்டே முக்கால் லட்சத்துக்கு. பளபளவென்று இருந்தது. உள்ளே மல்லிகை வாசம். அந்த வாசம் எதை மறைக்க என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்து வைப்பர் தானாகவே ஆட ஆரம்பித்தது. பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு ஒரு நாள் இரவு, திண்டிவனத்துக்கு அப்பால் நெடுஞ்சாலையில் எஞ்சினும் விளக்குகளும் ஒரே கணத்தில் அணைந்தன. பின்னிருக்கையில் மனைவியும் பிள்ளைகளும். இருட்டில் உருண்டு சாலையோரம் ஒதுங்குவதற்குள் பின்னால் வந்த லாரி எங்களை உரசாத குறையாகக் கடந்து போனது.

மறுநாள் வண்டியைப் பார்த்த மெக்கானிக் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தது. "வண்டி தண்ணி குடிச்சிருக்கு சார்" என்றார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய கார்களில் பல, காப்பீட்டு நிறுவனங்களால் கழித்துக்கட்டப்பட்டு, ஏலத்தில் போய், ஒப்பனை செய்யப்பட்டுச் சந்தைக்குத் திரும்பியிருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் முழுகின. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மீது கார்களை வரிசையாக நிறுத்தியதைப் பலர் கேலி செய்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த மெக்கானிக்கிடம் நான் கற்றதைத்தான் நண்பருக்குச் சொன்னேன். சுவடிப் பதிப்பில் என்ன செய்கிறோம்? ஏடு தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்புவதில்லை. எழுத்தையும் மையையும் தேய்மானத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறோம். இடைச்செருகல் எங்கே என்று தேடுகிறோம். காரிலும் அவ்வளவுதான்.

கிலோமீட்டர் மீட்டர் என்பது எளிதில் திருத்தப்படும் பாடம். அது முப்பதாயிரம் என்று சொல்லட்டும். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங்கின் தோல் மினுங்குகிறதா, டிரைவர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. முப்பதாயிரமே ஓடிய வண்டிக்கு நான்கு டயரும் எதற்காக மாறின என்று கேளுங்கள். கண்ணாடிகளின் மூலையிலும் ஆண்டுக் குறியீடு உண்டு. ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. கதவோரத்து ரப்பர் பீடிங்கை மெல்ல உரித்தால் தொழிற்சாலையில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே சீராகத் தெரியும். சீர் குலைந்திருந்தால் டிங்கரிங் வேலை நடந்த இடம். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்வது கடினம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் மோர் போலத் திரண்டிருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கலாம். இவை எதுவும் தனித்து நின்று தீர்ப்பளிப்பதில்லை. மூன்று நான்கு சேர்ந்து ஒரே திசையைக் காட்டும்போது எழுந்து வந்துவிட வேண்டும், முன்பணம் கொடுத்திருந்தாலும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துப் பதிவுகளைக் கேட்டால் தயங்குகிற உரிமையாளரிடமும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்கட்டும். அவருடைய கூலியை நீங்களே கொடுங்கள். மூன்று லட்சத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள் ஆயிரம் ரூபாய் கூலிக்குக் கணக்குப் பார்ப்பதை அடிக்கடி காண்கிறேன்.

இன்னொரு சபலம் பெரிய கார். ஏழு வயதுச் சிறிய காரின் விலைக்குப் பன்னிரண்டு வயதான பெரிய செடான் கிடைக்கும். தெருவில் மதிப்பாக இருக்கும். ஆனால் காருக்கு வயதாகும்போது விலை குறைகிறதே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. பெரிய காரின் சஸ்பென்ஷன் பெரிய காரின் விலையைத்தான் கேட்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்து புதிய கார்களின் விலை இறங்கியது. பழைய விலைப்பட்டியலைக் காட்டி விலை சொல்பவரிடம் இதை நினைவூட்டலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது நாம் 'நம்பகம்' என்ற சொல்லைப் பயன்படுத்தும் விதத்தில்தான். வழியில் நிற்காதது, பெட்ரோல் குடிக்காதது, விற்றால் விலை போவது, இவ்வளவுதான் நம் அகராதியில் நம்பகம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் பிரபலமான சிறிய கார்கள் ஐந்தை, ஏர்பேக் இல்லாத அடிப்படை வடிவங்களில், மோதிச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் சுழியம். அவற்றில் ஒன்றான போலோ, இரண்டு ஏர்பேக்குகளோடு சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் பெற்றது. வேறு சிலவற்றின் கூடே வலுவற்றது, ஏர்பேக் வைத்தாலும் பயன் குறைவு என்றும் தெரிந்தது. நம் நாட்டில் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலும் ஓட்டுநர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையிலும் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கு 2021 டிசம்பர் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பல கார்களில் அவை மேல்நிலை வடிவங்களுக்கு மட்டுமே உரிய ஆடம்பரங்கள். ஆகவே ஒரே ஆண்டின் இரண்டு வடிவங்களில் முப்பதாயிரம் கூடுதல் கொடுத்தாவது ஏர்பேக் உள்ளதை எடுங்கள் என்பேன். அலாய் சக்கரமும் தொடுதிரையும் உள்ள வண்டிக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பவர்களை அறிவேன்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்த வேண்டும். கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35 வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, உரிமை மாற்றத்தை 30 நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாகத் தோன்றினால் இங்கே கட்ட வேண்டிய வரியையும் கூட்டிப் பாருங்கள். கையிலிருக்கும் மூன்றில் அரை லட்சத்தைத் தொடவே கூடாது. வாங்கிய முதல் மாதமே பேட்டரி, பெல்ட், பிரேக் என்று வண்டி அதைக் கேட்கும்.

நண்பர் இதுவரை நான்கு கார்கள் பார்த்துவிட்டார். மூன்றாவதில் எல்லாக் கண்ணாடிகளிலும் ஓர் ஆண்டு, பின்பக்க வலது கண்ணாடியில் மட்டும் வேறோர் ஆண்டு. பையன்கள் கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள் என்றாராம் விற்பவர். அது உண்மையாகவும் இருக்கலாம் என்று நினைத்து, பீடிங்கை உரித்துப் பார்த்திருக்கிறார். வெல்டிங் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி பூசிய வழவழப்பு. "இடைச்செருகல் சார், சந்தேகமே இல்லை" என்று அன்றிரவு அழைத்துச் சொன்னார். குரலில் புதிய ஏடு கண்டெடுத்தவரின் உற்சாகம். தாயார் இன்னும் ஆட்டோவில்தான் போய் வருகிறார். வரும் ஞாயிறு காலை தாம்பரத்தில் ஒன்றைப் பார்க்கப் போகிறோம், டார்ச் விளக்கும் மெக்கானிக்குமாக.